சிப்பாயின் புதுத் தொழில்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் விடியற்காலையில் அரைமணி நேரம் நிற்பவர், நமது நாட்டின் தொழில் வாழ்க்கை எத்திசையில் செல்கிறதென்பதை நூல்களின் உதவியின்றியே அறிந்து கொள்ளலாம். இராமுறை வேலை முடித்து வெளியேறும் தொழிலாளரும், காலை முறைக்கு உள்ளே செல்லும் தொழிலாளரும் அங்கே எதிரெதிராக நடக்கின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கின்றன. கேழ்வரகு விளைந்த அந்நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது 1970-களிலேயாம். அன்று முதல் இன்று வரை அங்கே உழைத்தவருள் எவனும், தன் கைக்கு வந்த யந்திரம் தன் ஆயுள் முழுவதும் தனக்குச் சோறு போடும் என்று நம்பியதில்லை. கையினால் லேத்து ஓட்டியவன் கம்ப்யூட்டரால் இயங்கும் லேத்தைக் கற்க வேண்டியவனானான். கற்றவன் உள்ளே நின்றான். கல்லாதவன் வெளியே வந்தான்.

அதே சீமையிலிருந்து வேறொரு வகை இளைஞரும் ஆண்டுதோறும் புறப்படுகின்றனர். பட்டாளத்தில் சேரச் செல்வோரைக் குறிக்கின்றோம். மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரமே. மதராஸ் சாப்பர்கள் என்று புகழ்பெற்ற எஞ்சினீயர் படையின் தலைமை நிலையமும், ராணுவத்திற்கு உணவும் வண்டியும் அளிக்கும் சர்வீஸ் கோரின் பயிற்சி நிலையமும் அந்நகரில் இருக்கின்றன. அங்கே சேர்ந்து சிப்பாயாகும் நமது பிள்ளைகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நேர்ந்தது போலவே, கற்ற தொழில் காலாவதியாகிறது. உடுப்பைக் கழற்றாமலே புதுத் தொழில் கற்கும்படி உத்தரவு வருகிறது. தொழிற்சாலையில் யந்திரம் மாறினால் சங்கம் பேசுகிறது, பத்திரிகை எழுதுகிறது, நியாயஸ்தலம் விசாரிக்கிறது. பட்டாளத்தில் சிப்பாயின் தொழில் மாறும்போது பேசுவார் யார்? இவ்வினாவை நேயர்கள் முன் வைப்பதே இன்று நமது நோக்கம்.

நமது ராணுவம் 2024-ஆம் ஆண்டைப் புதுக் கருவி நுட்பங்களைக் கைக்கொள்ளும் ஆண்டு என்று பிரகடனம் செய்தது. 2022 பிப்ரவரியில் மூண்ட உக்ரேன் யுத்தம், குறைந்த விலையுள்ள ஆளில்லாச் சிறு விமானம் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான டாங்கியை அழிக்க வல்லது என்பதை உலகிற்குக் காட்டிவிட்டது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் நிகழ்ந்த நான்கு நாள் மோதலில் அவ்வுண்மை நமது எல்லையிலேயே மெய்ப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 26-ஆந் தேதி கார்கில் வெற்றி நாளன்று, ஒவ்வொரு காலாட் பட்டாலியனிலும் டிரோன் பிளாட்டூன் ஒன்று அமைவதாகப் பிரதம சேனாதிபதி ஜெனரல் உபேந்திர துவிவேதி அறிவித்தார். பைரவ் என்னும் இலேசுக் கமாண்டோப் படைகளும், ருத்ர என்னும் கூட்டுப் பிரிகேடுகளும் அவ்வறிவிப்பிலேயே இடம்பெற்றன.

இம்மாற்றம் அவசியமானதென்பதில் நமக்கு ஐயமில்லை. நேற்றைய ஆயுதத்துடன் நாளைய யுத்தத்திற்குச் செல்லும் தேசம் தன் புதல்வரைப் பலியிடும் தேசமேயாகும். ஆயினும் இவ்வறிவிப்புக்களில் ஒரு விஷயம் சொல்லப்படாமலே நிற்கிறது. பிளாட்டூன் என்பது காகிதத்தில் ஒரு வரி. களத்தில் அது சில சிப்பாய்கள். நேற்று வரை துப்பாக்கியும் மார்ட்டரும் பிடித்த கைகள் அவை. அக்கைகளுக்குப் புதுத் தொழில் கற்பிப்பது எப்படி? எவ்வளவு காலத்தில்? யார் செலவில்?

அத்தொழில் எத்தகையதென்று சற்று நோக்குவோம். டிரோன் ஓட்டுவது விளையாட்டுப் பொம்மை ஓட்டுவதன்று. முதலில் கம்ப்யூட்டர்த் திரையில் போலி விமானத்தைப் பல மணி நேரம் பறக்க விட்டுப் பழக வேண்டும். கண்ணில் மாட்டிய கண்ணாடியில் விமானம் காண்பதையே தானும் கண்டு, காற்றின் வேகத்தையும் பாட்டரியின் மிச்சத்தையும் மனத்தில் கணக்கிட்டுக் கொண்டே கைவிரலால் செலுத்த வேண்டும். எதிரி ரேடியோ அலைகளைக் குலைத்தால் திரை வெறுமையாகும். அப்போது என்ன செய்வதென்பது இரண்டாம் பாடம். விழுந்து உடைந்ததைப் பற்றவைத்து, மோட்டார் மாற்றி, மறுபடி பறக்க விடுவது மூன்றாம் பாடம். இவற்றைக் கற்றவனும் சில மாதம் பழகாதிருந்தால் கைத்திறம் மங்கிவிடும். மேலும் கருவியோ ஆறு மாதத்திற்கொரு முறை மாறுகிறது; எதிரி ஒரு தடை கண்டுபிடித்தால் நாம் ஒரு மாற்றுக் காண வேண்டும். ஆகவே இது ஒருமுறை கற்று முடிக்கும் தொழிலன்று. சேவைக்காலம் முழுவதும் கற்றுக்கொண்டேயிருக்க வேண்டிய தொழிலாகும்.

பட்டாளத்தில் இத்தகைய மாறுதல் இதுவே முதன்முறையன்று. ஓசூருக்குத் தெற்கே மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக விளங்கும் பெருநிலம், ஆங்கிலேயர் காலத்தில் சென்னை ராஜதானிப் படையின் குதிரைகளை வளர்த்துப் பழக்கிய இடமாகும். குதிரையே அன்று படையின் யந்திரம். அக்காலத்து இந்தியக் குதிரைப்படையில் சில்லாதார் முறை என்று ஒன்றிருந்தது. அதன்படி வீரன் தன் குதிரையையும் சேணத்தையும் தானே கொண்டு வர வேண்டும், அல்லது அதற்குரிய தொகையைக் கட்ட வேண்டும். குதிரைத் தீனியும் அவன் சம்பளத்திலேயே அடங்கும். குதிரை செத்தால் முதலுக்கே மோசம். முதல் மகாயுத்தத்தின் நெருக்கடியில் இம்முறை தாங்காதென்று விளங்கவே, யுத்தத்திற்குப் பின் அது ஒழிக்கப்பட்டது. சேவைக்கு வேண்டிய கருவியின் செலவு சேவகனுடையதன்று, அவனை ஏவும் ராஜாங்கத்தினுடையது என்னும் நீதி அன்றுதான் நமது பட்டாளத்தில் ஏற்பட்டது.

பிறகு குதிரையே போயிற்று. 1938-இல் சிந்து குதிரைப்படையும் 13-ஆவது லான்சர் படையும் முதன்முதலாகக் குதிரைகளை விட்டு மோட்டார் யந்திரங்களுக்கு மாறின. அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் படைகளும் அவ்வழியே சென்றன. தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஏறிய குடும்பத்து வீரன், கடிவாளத்தை வைத்துவிட்டுத் திருகுசாவியைக் கையில் எடுத்தான். குதிரையின் மூச்சைக் கேட்டே அதன் நோயறிந்தவன், எஞ்சினின் ஓசையைக் கேட்டு அதன் கோளாறு அறியக் கற்றான். அவனுக்குக் கற்கும் அறிவில்லை என்று அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளில் எத்தனையோ பேர் எண்ணியிருக்கக்கூடும். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் அவன் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தான்.

தமிழருக்கு இவ்விஷயத்தில் தனியான ஒரு பாடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லார்டு ராபர்ட்ஸ் முதலான தளபதிகள், வடமேற்கிலுள்ள சில ஜாதியாரே போர்க்குணமுடையவர் என்றும், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்றும் ஒரு கொள்கையைப் பரப்பினர். கர்நாடக யுத்தங்களிலும் மைசூர் யுத்தங்களிலும் கம்பெனிக்கு வெற்றி தேடித் தந்த சென்னைக் காலாட் படைகள் அக்கொள்கையால் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சியிருந்தவை 1922-இல் 3-ஆவது மதராஸ் ரெஜிமெண்டு என்று ஒன்று சேர்க்கப்பட்டு, 1920-களின் இறுதிக்குள் அதுவும் இல்லாதொழிந்தது. ஆனால் மதராஸ் சாப்பர்களை மட்டும் எவராலும் அசைக்க இயலவில்லை. ஏன்? அவர்கள் கையில் தொழிலிருந்தது. பாலம் கட்டவும், பாறை பிளக்கவும், சுரங்கம் வைக்கவும் அவர்களுக்கு நிகர் கிடைப்பது அரிதாயிருந்தது. முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ என்னும் வெடிகுழாய் 1912-இல் அப்படையில்தான் தோன்றி, இரண்டு மகாயுத்தங்களிலும் உலகெங்கும் பயன்பட்டது. 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மீது தானே விழுந்து தோழர்களைக் காத்து உயிர்நீத்து, ஜார்ஜ் சிலுவை பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அப்படையைச் சேர்ந்த தமிழரேயாவார்.

தொழில் கற்றவன் தப்பினான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மையேயாகும். சாலை போடுவதிலும் அரண் கட்டுவதிலும் தேர்ந்த மதராஸ் பயனியர் படை, செலவுச் சுருக்கம் என்ற காரணத்தால் 1933-இல் கலைக்கப்பட்டது. அவர்களும் தொழில் கற்றவர்தாமே? ஆகவே சிப்பாயின் திறமை மட்டும் அவனைக் காப்பாற்றிவிடாது; அத்திறமைக்கு மதிப்பளிக்க வேண்டும் என்ற விதி மேலிடத்தில் இருக்க வேண்டும். அவ்விதி இல்லாதபோது திறமையும் ஒரு கையெழுத்தில் அடிபட்டுப் போகும். எட்டே ஆண்டு கழித்து, 1941-இல், தென்னாட்டுக் காலாட் படையைப் புதிதாக எழுப்ப அதே சர்க்கார் முற்பட்டதைக் கண்டால், கலைத்தவர் கணக்கு எவ்வளவு தவறானதென்பது விளங்கும்.

சுதந்திர இந்தியாவின் சர்க்கார் இத்துறையில் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் குறை கூறுவதற்கில்லை. 1889-இல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பாற்பண்ணைகள், 132 ஆண்டு நடந்தபின் 2021 மார்ச்சு 31-இல் மூடப்பட்டன. பட்டாளத்திற்குப் பால் வெளிச் சந்தையில் தாராளமாய்க் கிடைக்கும்போது, அதற்கெனத் தனியே மாடு வளர்ப்பது வீண் என்பது ஷேகட்கர் கமிட்டியின் கருத்து. அக்கமிட்டியின் யோசனைகளை ஒட்டி 2017 ஆகஸ்டில், அதிகாரிகளும் சிப்பாய்களும் உட்பட ஏறத்தாழ 57,000 பேரைப் போர்சாரா வேலைகளிலிருந்து போர்ப்பணிக்கு மாற்றுவதென்று சர்க்கார் அறிவித்தது. பண்ணை ஊழியரைத் தெருவில் விடாமல் பாதுகாப்பு மந்திரி இலாகாவுக்குள்ளேயே வேறு வேலைகளில் அமர்த்தினர். அது செம்மையான காரியமே. தொழில் போயினும் தொழிலாளி போகாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஊழியரை வேறு நாற்காலியில் உட்கார வைப்பது வேறு. சிப்பாயைப் புதுத் தொழிலில் வல்லவனாக்குவது வேறு. இங்கேதான் சட்டத்தின் நிலையை நாம் கவனித்தல் வேண்டும்.

மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலையொன்றில் முதலாளி புது யந்திரம் கொண்டு வருகிறார் என்று கொள்வோம். அதனால் ஆட்குறைப்பு நேரக்கூடுமாயின், தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தராமல் அவர் அம்மாற்றத்தைச் செய்யலாகாது; இவ்விதி 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1956-இல் 9-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இம்முன்னறிவிப்பு விதி இடம்பெற்றது. அந்த 21 நாளில் தொழிலாளர் கூடலாம், பேசலாம், பேரம் செய்யலாம்.

சிப்பாய்க்கோ இவை எதுவுமில்லை. நமது அரசியல் சட்டத்தின் 33-ஆவது ஷரத்து, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தவும் ரத்துச் செய்யவும் பார்லிமெண்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டப்படி அவன் சங்கம் சேருதல் கூடாது. பத்திரிகைக்கு எழுதுதல் கூடாது. மேலதிகாரியின் சட்டபூர்வமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை குற்றம். குறையுள்ளவன் மேலதிகாரிக்கு மனுச் செய்துகொள்ள அச்சட்டத்தின் 26-ஆவது பிரிவு இடம் தருகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் படையினருக்கென ஒரு நியாய மன்றமும் ஏற்பட்டுள்ளது. ஆயினும் இடமாற்றமும் படைப்பிரிவு மாற்றமும் அம்மன்றத்தின் விசாரணைக்கு அப்பாற்பட்டவை என்று அச்சட்டமே கூறிவிடுகிறது.

இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்துக என்று நாம் வாதிக்க வரவில்லை. ஒவ்வோர் உத்தரவுக்கும் வாக்கெடுக்கும் பட்டாளம் பட்டாளமாகாது. ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு என்ன? வாய் திறந்து கேட்கும் உரிமையுள்ளவனுக்கு, அவன் கேட்டபின் கொடுத்தாலும் குற்றமில்லை. கேட்கும் உரிமையை நாமே சட்டம் போட்டு வாங்கிக்கொண்ட ஒருவனுக்கோ, அவன் கேளாமலே கொடுப்பது நமது கடமையாகிறது. தொழிலாளிக்குச் சங்கம் செய்வதைச் சிப்பாய்க்குப் பார்லிமெண்டு செய்ய வேண்டும். பார்லிமெண்டு மறந்தால் பிரஜைகள் நினைவூட்ட வேண்டும்.

அக்கினிவீரர் திட்டத்தால் இக்கடமை இன்னும் அவசரமாகிறது. 2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, பதினேழரை வயது முதல் இருபத்தொரு வயது வரையுள்ள இளைஞர் நான்கே ஆண்டுக்குப் படையில் சேர்க்கப்படுகின்றனர். நூற்றுக்கு 25 பேர் வரையே நிலையான சேவைக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய்ச் சேவாநிதியுடன் வீடு திரும்புவர். ஓய்வூதியமும் கிராஜுவிட்டியும் இல்லை. திட்டத்தை எதிர்த்து வடநாட்டில் பெருங் கலகம் மூண்டதையும், செகந்திராபாத் ரயில் நிலையத்தில் ஓர் இளைஞன் குண்டுபட்டு மாண்டதையும் நேயர்கள் மறந்திரார். டில்லி ஹைகோர்ட் 2023 பிப்ரவரியில் திட்டத்தைச் செல்லுமெனத் தீர்த்தது. சுப்ரீம் கோர்ட்டும் ஏப்ரலில் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. எனவே திட்டம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கை நாம் மீண்டும் எடுக்கவில்லை. செல்லும் திட்டம் செம்மையாய் நடக்கிறதா என்பதே வினா.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டு என்பது 48 மாதம். அதில் தொடக்கப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஆறு மாதம் போகிறது. ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை என்றால் நான்கு மாதம் கழிகிறது. மிச்சம் 38 மாதம். இளைஞனொருவன் முதலில் ஒரு தொழில் கற்று, ஒன்றரை ஆண்டு அதிலே கைதேர்ந்து, மூன்றாம் ஆண்டில் டிரோன் பிளாட்டூனுக்கு மாற்றப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். புதுத் தொழிலைக் கற்று அதில் கை பழகும் தருணத்தில் அவன் சேவைக்காலம் முடிந்துவிடும். 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சி தொடங்கிய முதல் அணியினருக்கு நான்காண்டு நிறைவுறும் காலம், 2026-இன் இறுதியும் 2027-இன் தொடக்கமுமே. அதாவது, 2025-இல் பிறந்த புதுப் பிளாட்டூன்களுக்கு ஆள் பழகும் காலமும், முதல் அணி கலையும் காலமும் ஒன்றையொன்று முட்டுகின்றன.

இதனால் இருதரத்தார்க்கும் நஷ்டம். ராணுவத்திற்குக் கற்பித்த கூலி போயிற்று. சிப்பாய்க்கோ வேறொரு அபாயமும் உண்டு. நிலையான சேவைக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போது, பழைய தொழிலிலே நான்காண்டும் ஊன்றி நின்றவனோடு, இடையில் புதுத் தொழிலுக்கு மாற்றப்பட்டு இன்னும் மாணாக்கனாகவே இருப்பவன் போட்டியிட வேண்டும். அவன் தானாக மாறவில்லை; தேசத்தின் தேவைக்காக மாற்றப்பட்டான். அவ்வாறு மாறியதே அவனுக்குப் பாதகமாய் முடியலாமா?

அக்கினிவீரர் திட்டத்தின் சார்பில் சர்க்கார் கூறும் வாதத்தையும் மறைக்காமல் எடுத்துரைப்போம். படையின் சராசரி வயது 32-லிருந்து 26-க்கு இறங்கும். இளைஞர் புதுக் கருவிகளை விரைவில் கற்பர். ஆகவே நவீன யுத்தத்திற்கு இத்திட்டமே ஏற்றது என்பது அவர் வாதம். இளைஞர் விரைவில் கற்பர் என்பது மெய்யே. ஆனால் கற்பது வேறு, கைவருவது வேறு. மூக்கண்டப்பள்ளியில் எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்: பையன் ஆறு மாதத்தில் யந்திரத்தை ஓட்டக் கற்பான், யந்திரம் முரண்டும்போது அதைச் சரிக்கட்டச் சில ஆண்டு வேண்டும். யுத்தகளத்தில் யந்திரம் முரண்டாத நாளேது?

திரும்பி வருபவனின் கதி என்ன என்பதே இனிக் கவனிக்க வேண்டியது. இதிலும் வழிகாட்டும் சரித்திரம் நம்மிடமே இருக்கிறது. இரண்டாம் மகாயுத்தத்தில் இந்தியப் படை 25 லட்சம் பேர் வரை பெருகியது. யுத்தம் முடியுந் தறுவாயில், 1945 ஜூலையில், படையிலிருந்து விடுபடுவோருக்கும் யுத்தத் தொழிலாளருக்கும் வேலை தேடித் தரும் பொருட்டு, மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்புக்குமான ஓர் இலாகா டில்லியில் ஏற்பட்டது. நாடெங்கும் பின்னர்ப் பரவிய வேலைவாய்ப்பு நிலையங்களும், 1950 முதல் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்திய அமைப்பும் அவ்வேரிலிருந்து வளர்ந்தவையே. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் ஐ.டி.ஐ. சான்றிதழுடன் நுழைந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர், வீடு திரும்பும் சிப்பாய்க்காக அன்று நட்ட மரத்தின் நிழலில் நிற்பவரே என்றால் மிகையாகாது. சிப்பாய்க்காகப் பிறந்த ஏற்பாடு சகலருக்கும் பயன்பட்டது. இன்று அதே ஏற்பாடு சிப்பாய்க்குப் பயன்படுகிறதா?

2022 ஜூனில் சர்க்கார் சில நல்ல வாக்குறுதிகளை அளித்தது. படையில் பெற்ற பயிற்சியைப் பாதி மதிப்பெண்ணாக ஏற்றுக்கொண்டு இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக் கழகம் மூன்றாண்டுப் பட்டம் வழங்கும் என்றும், மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் நூற்றுக்குப் பத்து இடம் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் தொழிற்சாலை வாயிலில் பட்டத்தைவிடத் தொழிற் சான்றிதழே மதிக்கப்படும். எல்லையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் டிரோன் ஓட்டி, உடைந்ததைப் பழுதுபார்த்துப் பழகிய இளைஞன் மூக்கண்டப்பள்ளிக்கு வேலை தேடி வந்தால், அவன் கையிலுள்ள காகிதம் எந்த ஐ.டி.ஐ. தொழிலுக்குச் சமம் என்று வாயிலில் இருப்பவர்க்குத் தெரிய வேண்டும். தெரியாவிடில் அவனை எங்கே நிறுத்துவார்? காவற்காரன் கூண்டிலேயே நிறுத்துவார். படையிலிருந்து வந்தவன் என்றாலே வாயிற்காப்போன் வேலைக்குத்தான் என்ற எண்ணம் நமது தேசத்தில் நெடுங்காலமாய் வேரூன்றியிருக்கிறது. அவ்வேலையில் இழிவில்லை. ஆனால் தேசம் பொருள் செலவிட்டுக் கற்பித்த தொழிலை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது விவேகமன்று.

இந்த ஓசூரையே தமிழ்நாட்டின் ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்றாக்கியிருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பிறந்து, 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட ஏற்பாடு அது. சென்னை, கோயமுத்தூர், சேலம், திருச்சி என்பன ஏனைய மையங்கள். தளவாடம் செய்யும் ஊரில், தளவாடத்தைக் களத்தில் கையாண்டவனுக்கு இடமில்லாமற் போனால் அதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன? எந்தத் திருகு எந்தக் குளிரில் உடையும், எந்தப் பாட்டரி எந்த உயரத்தில் அடங்கும் என்பதை அவனன்றோ அறிவான்?

ஆகவே நாம் கேட்பவை சிலவே, எல்லாம் செய்யக்கூடியவையே.

முதலாவது, யுத்த நெருக்கடி இல்லாத காலத்தில் ஒரு தொழிற்பிரிவு குறைக்கப்படுமானால், அதிலுள்ள சிப்பாய்களுக்கு எழுத்து மூலம் முன்னறிவிப்பு வேண்டும். எந்தப் புதுத் தொழில், எத்தனை வாரப் பயிற்சி, முதற் பரீட்சையில் தவறினால் மறுமுறை உண்டா என்பவை அதில் தெளிவாயிருக்க வேண்டும். இரண்டாவது, உத்தரவின்பேரில் தொழில் மாறியவனுக்குப் பழைய பிரிவில் பெற்ற மூப்பும் பதவியுயர்வு வரிசையும் குறையலாகாது. மூன்றாவது, அக்கினிவீரன் ஒருவன் கடைசி ஆண்டில் புதுத் தொழிலுக்கு மாற்றப்படுவானாயின், கற்ற தொழிலைக் குறித்த காலம் செய்து காட்ட அவன் விரும்பும் பட்சத்தில் சேவை நீடிப்பு வேண்டும்; நிலைச் சேவைக்குத் தெரிந்தெடுக்கும்போது அம்மாற்றம் அவனுக்கு அனுகூலமாகவே எண்ணப்பட வேண்டும். நான்காவது, ராணுவத்தில் கற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழில் நேரான தரம் குறிக்கப்பட வேண்டும். நமது மாகாண சர்க்கார் அத்தரத்தைத் தளவாட மையங்களில் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது பாஷை விஷயம். வெள்ளையர் ஆட்சியில் ரோமன் எழுத்தில் எழுதிய உருதுவே பட்டாளத்தின் பாடமொழியாக இருந்தது. தென்னாட்டுச் சிப்பாய் தொழிலோடு அன்னிய மொழியையும் சேர்த்துக் கற்க நேர்ந்தது. கட்டளை மொழி ஒன்றாயிருப்பது அவசியமே. ஆனால் பாட்டரியின் அழுத்தமும் அலைவரிசையின் இயல்பும் விளங்க வேண்டிய இடத்தில், தாய்மொழியில் எழுதிய ஒரு கைப்புத்தகம் பக்கத்திலிருந்தால் யாருக்கு நஷ்டம்? பரீட்சையில் தவறுகிறவன் தொழிலில் தவறுகிறானா, பாஷையில் தவறுகிறானா என்று பிரித்தறியாத பள்ளி நல்ல பள்ளியாகாது.

இவற்றால் ரகசியம் வெளியாகும் என்பர் சிலர். பயிற்சி விதிகளை வெளியிடுவதால் எந்த ஆயுதத்தின் மறையும் வெளிப்படாது. கட்டுப்பாடு குலையும் என்பர் வேறு சிலர். தனக்கு நியாயம் செய்யப்படுகிறது என்றறிந்த சிப்பாயே கட்டுப்பாட்டுக்கு உறுதியான தூண் என்பதைப் பழைய சேனாதிபதிகள் அனைவரும் அறிவர். செலவு மிகும் என்பர் இன்னுஞ் சிலர். குதிரையின் விலையை வீரன் தலையில் கட்டிய சில்லாதார் முறைக்கும் இதே செலவுக் கணக்கைத்தான் காட்டினர். இன்று குதிரைக்குப் பதில் காலத்தைச் சிப்பாயின் தலையில் கட்டுகிறோம். இருபது வயதில் இழந்த இரண்டு ஆண்டுக்கு விலையென்ன என்று எந்தக் கஜானா அதிகாரி கணக்கிட்டார்?

பட்டாளத்து விஷயம் பட்டாளத்தாருக்கே என்று தேசத் தொண்டர்கள் ஒதுங்கியிருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்னியன் பட்டாளமாயிருந்த காலத்தில் அது பொருந்தும். இன்று அது நமது பட்டாளம். அதிலுள்ளவர் நமது கிராமத்துப் பிள்ளைகள். கிருஷ்ணகிரி ஜில்லாத் தொண்டர்கள் தங்கள் ஊரில் விடுமுறைக்கு வந்திருக்கும் சிப்பாய்களின் பெற்றோரைச் சென்று காணட்டும். சிப்பாய் வெளியே சொல்லக் கூடாததை அவர்களிடம் கேட்க வேண்டாம். மகன் வீடு திரும்பும் நாளில் என்ன வேலை செய்வான் என்று மட்டும் கேட்கட்டும். அப்பெற்றோர் சொல்லும் விடையை நமது பார்லிமெண்டு அங்கத்தினர் பாதுகாப்பு மந்திரியின் முன் கேள்வியாக வைக்கட்டும். முதல் அணியார் சேவை முடித்து மூக்கண்டப்பள்ளி வாயிலில் வந்து நிற்கும்முன் அக்கேள்விக்கு விடை எழுத்தில் கிடைக்க வேண்டும்.